மொட்டை மாடியும் வியாழக்கிழமையும்

நல்லது செய்ய நினைப்பவர்களுக்கு நம் ஊரில் காலங்காலமாக ஒரே படம்தான் காட்டப்படுகிறது: எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புறப்பட்டுப் போகிறவர். புத்தர் அரண்மனையை விட்டார், பட்டினத்தார் வீட்டை விட்டார். அன்னை தெரசாவையும் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறோம். கொல்கத்தா எண்டாலியில் லொரேட்டோ சபைப் பள்ளியில் ஆசிரியையாகவும் தலைமை ஆசிரியையாகவும் இருந்தவர், 1948-இல் ரோமின் அனுமதி பெற்று மடத்தை விட்டு வெளியேறினார். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையோடு சேரிக்குள் நடந்தார். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

இந்தப் படத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. வீட்டுக் கடன் தவணை இருக்கிறது, பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறது; நம்மால் புறப்பட முடியாது. மகான்கள் பாடு அது என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

அந்த வசதியைக் கெடுக்கிறவர், அதே சபையில் சேர்ந்து அதே ஊரில் வாழ்ந்த இன்னொரு கன்னியாஸ்திரீ. சிஸ்டர் சிரில் மூனி. அவர் மடத்தை விட்டு எங்கும் போகவில்லை. பள்ளி முதல்வர் நாற்காலியில் இருந்தபடியே கேட்டைத் திறந்துவிட்டார்.

அயர்லாந்தின் பிரே என்ற கடலோர ஊரில் 1936-இல் பிறந்தவர். இருபது வயதில் இந்தியா வந்தார். படித்தது விலங்கியல். 1979-இல் கொல்கத்தாவின் சியால்டா பகுதியில் உள்ள லொரேட்டோ பள்ளியின் முதல்வரானார். ஆங்கில வழிப் பெண்கள் பள்ளி. இடம் கிடைத்தால் பெற்றோர் சந்தோஷப்படுகிற சபையின் பள்ளி. பக்கத்திலேயே சியால்டா ரயில் நிலையம். பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்து அகதிகள் வந்திறங்கி, போக்கிடம் இல்லாமல் பிளாட்பாரத்திலேயே குடியிருந்த நிலையம் அது. அகதிகள் காலம் முடிந்த பிறகும் சுற்றுவட்டார நடைபாதைகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. சீருடைக்காரப் பெண்கள் அவர்களைத் தாண்டித்தான் பள்ளிக்கு வந்தார்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்கு வழக்கமாக என்ன செய்வோம்? மாலை வகுப்பு ஒன்று, தனிக் கட்டடம், கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி. சிஸ்டர் சிரில் தன் பள்ளியில் எது சும்மா கிடக்கிறது என்று பார்த்தார். மொட்டை மாடி இருந்தது. பாடத்திட்டத்தில் வேலைக் கல்வி என்று பீரியடுகள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த நூற்றுக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். 1985-இல் தொடங்கிய ரெயின்போ திட்டம் இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டியதுதான். தெருச் சிறுமி தனக்கு முடிந்த நேரத்தில் வரலாம். ஐந்தாம் வகுப்பிலோ அதற்கு மேலோ படிக்கும் ஒரு பெண் அவள் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள். பின்னாளில் அந்தச் சிறுமிகள் இரவில் தங்கவும் அதே பள்ளியில் இடம் கிடைத்தது. வியாழக்கிழமைகளில் மாணவிகள் பஸ்ஸில் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள். காலப்போக்கில் சுமார் 1,400 பேர் படித்த அந்தப் பள்ளியில் ஏறக்குறையப் பாதிப் பேர் கட்டணம் கட்டாதவர்கள் என்ற நிலை வந்தது.

பதினொரு வயதுப் பெண் எப்படி ஆசிரியையாவாள் என்று எனக்கும் முதலில் தோன்றியது. வசதியான பிள்ளைகள் இரக்கம் பழகிக்கொள்ள ஏழைப் பிள்ளையை ஒரு பாடப்பொருளாக ஆக்குகிறோமோ என்ற சந்தேகமும் வந்தது. யோசித்தால், முதல் கேள்விக்குப் பதில் நடைமுறையில் இருக்கிறது. குப்பை பொறுக்கப் போய்விட்டு வரும் குழந்தைக்காக நாற்பது பேர் இருக்கும் வகுப்பு காத்திருக்காது. நேற்று விட்ட எழுத்திலிருந்து அவளுக்கு மட்டும் தொடங்க, எதிரில் அவளுக்கென்று ஒருத்தி வேண்டும். இரண்டாவது சந்தேகத்துக்கு, அதே பள்ளி செய்த இன்னொரு வேலை பதில் சொல்கிறது. வீடுகளுக்குள் வேலை செய்யும் சிறுமிகளை, வெளியுலகத்தின் கண்ணில் படாத அந்தக் குழந்தைகளை, மாணவிகளே தேடிப் போனார்கள். தன் வீட்டைப் போன்ற ஒரு வீட்டின் காலிங் பெல்லை அழுத்தி, கதவைத் திறக்கும் தன் வயதுப் பெண்ணிடம் ‘நீ ஏன் பள்ளிக்கூடம் வரலை?’ என்று கேட்கிற மாணவிக்கு, அதன் பிறகு இரக்கம் போதுமா? தன் வீட்டுக்குத் திரும்பி அடுக்களையைப் பார்க்கும்போது அவளுக்கு வேறு கேள்விகள் வந்திருக்கும்.

என் மகள் படித்த பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை நடந்த விவாதம் இங்கே ஞாபகம் வருகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். ‘நாம கட்டுற ஃபீஸ்ல அவங்க படிக்கிறாங்க’ என்று ஒருவர் எழுதினார். ‘படிக்கட்டும், ஆனா தனி செக்‌ஷன் போடலாமே’ என்றார் இன்னொருவர். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அவர்களில் பலர் ஆண்டுதோறும் அநாதை இல்லத்தில் பிறந்தநாள் சாப்பாடு போடுகிறவர்கள். கல் நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பணத்தைக் கொடுக்க மனம் வருகிறது. பக்கத்து இருக்கையைக் கொடுக்க வரவில்லை.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சியால்டா லொரேட்டோவும் சிறுபான்மையினர் பள்ளிதான். கால் பங்கு கேட்கும் சட்டம் எட்ட முடியாத இடத்தில், அந்தச் சட்டம் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, யாரும் கேட்காமல் பாதி கொடுக்கப்பட்டிருந்தது.

கன்னியாஸ்திரீக்கு இது சுலபம் என்று சொல்லலாம். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. ‘முதலில் என் பிள்ளை’ என்று சொல்ல வேண்டிய நெருக்கடியும் இல்லை. உண்மைதான். ஆனால் அவர் திறந்த கேட்டுக்குள் தங்கள் மகள்களைக் கட்டணம் கட்டி அனுப்பிய பெற்றோர் குடும்பஸ்தர்கள்தான். வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறிய பெண்கள் அவர்கள் பெற்றவர்கள்தான். துறவி தொடங்கியதைத் தாங்கி நிறுத்தியது குடும்பங்களே.

2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023 ஜூனில், எண்பத்தாறு வயதில், கொல்கத்தாவிலேயே காலமானார். விருதைவிட அவர் விட்டுப்போன கேள்விதான் எனக்கு முக்கியம். பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது ரிசல்ட், ஏசி, நீச்சல்குளம் எல்லாம் விசாரிக்கிறோம். ‘என் பிள்ளை பக்கத்தில் யார் உட்காருவார்கள்?’ என்பதையும் குரலைத் தாழ்த்தி விசாரிக்கிறோம். அதே கேள்வியைக் குரலைத் தாழ்த்தாமல் முதல்வரிடமே கேட்கலாம்: ‘கட்டணம் கட்ட முடியாதவர்கள் எத்தனை பேர், எந்த செக்‌ஷனில்?’ தனி செக்‌ஷன் என்று பதில் வந்தால், வேறு பள்ளி பார்க்க நமக்குக் காரணம் கிடைத்துவிட்டது.