வரப்போகும் பிள்ளைகளின் பங்கு

ஐந்து ஆண்டுகள் கழித்து முதல் வகுப்பில் சேரப்போகும் குழந்தை இன்று தொட்டிலில் கிடக்கிறது. அதன் பிறப்பு பதிவாகிவிட்டது. எந்தத் தடுப்பூசி எப்போது என்று கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டு மூன்று வயதில் அங்கன்வாடியிலும் பெயர் ஏறிவிடும். பள்ளிக்கு வருமுன்பே மூன்று இடங்களில் அரசுக்குத் தெரிந்துவிட்ட பிள்ளை அது. அப்படியிருந்தும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வகுப்பறை போதவில்லை என்றால், அதை எதிர்பாராத நெருக்கடி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் கடமையை மாநில அரசின் மீதும் உள்ளாட்சியின் மீதும் வைத்தது. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆசிரியருக்கு ஓர் அறை, மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை என்று அளவும் சொன்னது. சட்டத்தில் குழப்பம் இல்லை. பணத்துக்கு வரம்பு இருப்பதால்தான் அறக்கேள்வி எழுகிறது. இன்று விரிசல் விட்ட சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு முதல் பங்கா, நாளை வரப்போகும் பிள்ளைக்கா?

உயிருக்கு ஆபத்து என்றால் விவாதமே இல்லை. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் இறந்தார்கள். இடியக்கூடிய கட்டடத்துக்கு வேண்டிய பணத்தை வேறு எந்தத் திட்டத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் பழுதுபார்க்கும் செலவைக் காட்டியே, வளரும் பகுதிகளுக்கான பள்ளியை ஆண்டுக்காண்டு ஒதுக்கிவைப்பதையும் ஏற்க முடியாது. அந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்க இன்று ஆள் இல்லை. அவர்கள் குடும்பங்கள் இன்னும் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில்கூட ஏறவில்லை. ஒன்றியக் கூட்டத்தில் எழுந்து பேச அவர்களுக்கென்று ஒரு பெற்றோர் இல்லை.

சென்னையின் தென்புறத்தில் இருக்கும் பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். நகருக்குள் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கென்று அரசே அங்கே சுமார் 20,000 அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு குடும்பங்கள் வேகவேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டன, பல குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவிலேயே. நடு ஆண்டில் டி.சி. வாங்கிக்கொண்டு புதுப் பள்ளியில் இடம் தேடுவது அன்றாடக் கூலிக்குப் போகும் தாய்க்கு எளிதல்ல. ஆகவே பல பிள்ளைகள் பழைய பள்ளிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறிப் போனார்கள். விடிவதற்குள் எழுந்து, சாப்பிடாமல் கிளம்பி, முதல் பாடவேளையில் தூங்கி விழுந்து, கொஞ்ச நாளில் சிலர் நின்றே போனார்கள். நின்றவர்களில் பத்தாம் வகுப்பை நெருங்கிய பையன்களும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண்களும் இருந்தார்கள்.

வெள்ளம் வந்துவிட்டது, உயிரைக் காப்பதா பள்ளியைப் பார்ப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வீடுகள் வெள்ளத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிடப்பட்டவை. எத்தனை வீடு, எத்தனை குடும்பம் என்ற கணக்கு ஒப்பந்தப்புள்ளியிலேயே இருந்தது. தூண் எழும்பிய அதே ஆண்டுகளில் போதிய வகுப்பறைகளும் எழும்பியிருக்கலாம். ஓர் ஊர் தானாகப் பெருத்தால் கணக்குத் தவறலாம். அரசே குடியேற்றும் இடத்தில் அந்தச் சமாதானம் செல்லாது.

அலுவலர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முன்கூட்டிக் கட்டிய வகுப்பறை இரண்டு ஆண்டு காலியாகக் கிடந்தால் தணிக்கையில் கேள்வி வரும், ஒருவர் விளக்கம் எழுத வேண்டும். கட்டாமல் விட்டதால் வராந்தாவில் நாற்காலிமேல் கரும்பலகையைச் சாய்த்துவைத்து ஒரு வகுப்பு நடந்தாலும், கழிப்பறை வரிசைக்குப் பயந்து எட்டாம் வகுப்புப் பெண் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், யாரும் விளக்கம் எழுத வேண்டியதில்லை. காலி அறை குற்றமாகிறது, நிரம்பி வழியும் அறை குற்றமாவதில்லை. இந்த ஏற்பாட்டில் நல்ல அலுவலர்கூடக் காத்திருக்கவே கற்றுக்கொள்வார். தவறு ஏற்பாட்டில் இருக்கிறது. அதை மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள் மாற்றாமல் இருப்பதுதான் குற்றம்.

எதிர்த்திசையிலும் ஒரு கேள்வி உண்டு. தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்துவருகிறது. பல ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகள்தான். அவற்றை மூடி, அந்தப் பணத்தைப் புறநகருக்குத் திருப்பினால் என்ன? தலைக்கு இவ்வளவு செலவு என்று பார்த்தால் அது சரியாகத் தோன்றும். ஆனால் அந்தப் பள்ளி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை எதை இழக்கிறது என்பதே சரியான அளவுகோல். அடுத்த ஊர்ப் பள்ளி அரை கிலோமீட்டரில், நல்ல பாதையில் இருந்தால் இணைப்பதில் பெரிய தீங்கு இல்லை. நடுவே நெடுஞ்சாலையோ ஓடையோ இருந்தால் ஆறு வயதுப் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். அங்கே எட்டுப் பிள்ளைகளுக்காகவும் பள்ளி நிற்க வேண்டும். இதை எண்ணிக்கைப் பட்டியல் சொல்லாது. அலுவலர் அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

புறநகருக்கான பணத்தை வீடு கட்டும் திட்டத்திலிருந்தே எடுக்க வேண்டும், கிராமத்துப் பிள்ளையின் பங்கிலிருந்து அல்ல. குடிநீர்க் குழாயும் மின்னிணைப்பும் திட்டச் செலவில் சேர்வதுபோல் வகுப்பறையும் ஆசிரியர் பணியிடமும் சேரட்டும். குடியேற்ற உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரி, அந்தக் குடும்பங்களின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த திங்கட்கிழமை எந்தக் கட்டடத்தில் உட்காருவார்கள் என்பதை அதே தாளில் எழுதட்டும். எழுத முடியவில்லை என்றால், சாவி கொடுப்பதை மே மாதத்துக்குத் தள்ளிவைக்கட்டும்.