காக்க வைப்பவரின் கடன்

போடிநாயக்கனூரில் தலைமை அலுவலகம், கம்பத்தில் கிளை, மலைக்கு மேலே வண்டன்மேட்டில் கொள்முதல் கடை என்று மூன்று ஊர்களில் நடக்கும் ஓர் ஏலக்காய் வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். இன்று அந்த மூன்று இடத்து போன்களையும் ஒரே அமைப்பில் இணைத்துவிட முடிகிறது. ஏல விலை கேட்டோ பாக்கிப் பணம் கேட்டோ அழைக்கும் விவசாயியிடம் "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லி ஹோல்டு பொத்தானை அழுத்தியதும் அவர் காதில் ஒரு பாட்டு ஓடத் தொடங்கும். அந்த இடத்தில் பக்திப் பாட்டை வைப்பது நல்ல காரியம் என்று நம்புகிறவர்கள் நம்மில் பலர். இறைவனைப் பாடும் பாட்டை, ஒருவரைக் காக்க வைப்பதற்குப் பயன்படுத்தலாமா என்பது ரசனையைப் பற்றிய கேள்வி அல்ல, அறத்தைப் பற்றிய கேள்வி. கூடாது என்பதே என் முடிவு. கம்பி வழியாகப் போவதால் பாட்டுக்குத் தீட்டு ஒன்றும் வந்துவிடாது. காத்திருப்பவருக்கு நாம் பட்டிருக்கும் கடனை அந்தப் பாட்டு மறைத்துவிடுகிறது என்பதுதான் தவறு.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தொழிற்சாலை நடத்திவந்த ஆல்ஃபிரட் லெவி 1962இல் இதற்கு விண்ணப்பித்து 1966இல் காப்புரிமை பெற்றார். போனில் சத்தமே இல்லாவிட்டால் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து மறுமுனையில் இருப்பவர் வைத்துவிடுவார். அதைத் தடுக்கவே இசை வந்தது. "உங்களை மறக்கவில்லை, இணைப்பு உயிரோடு இருக்கிறது" என்று சொல்வதே அதன் நேர்மையான வேலை. பல ஊர்களில் பரவிய இன்றைய அமைப்புகளில் ஒரு நுட்பம் சேர்ந்திருக்கிறது. சிஸ்கோ நிறுவனத்தின் அமைப்பில், எந்தப் பாட்டு என்பதைக் காக்க வைப்பவரின் போனுக்குச் செய்த செட்டிங் தீர்மானிக்கிறது. எந்த சர்வரிலிருந்து அது வரும் என்பதைக் காத்திருப்பவரின் பக்கத்து செட்டிங் தீர்மானிக்கிறது. தலைமை அலுவலகத்து இணைப்புக்குச் சுமை ஏறாமலிருக்க, கிளையில் உள்ள ரூட்டரின் நினைவகத்திலேயே பாட்டை வைத்து, ஒரே ஓட்டமாக எல்லோருக்கும் அனுப்புவதும் உண்டு. அப்படிச் செய்தால் ஒருவர் சரணத்தின் நடுவில் நுழைவார். எதிர்முனையில் ஆள் வந்ததும் ஒரு சொல்லின் பாதியில் வெளியேறுவார். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு எந்த இடத்திலும் இல்லை.

போகும் வழியில் பாட்டு படும் பாட்டையும் கவனிக்க வேண்டும். பழைய தொலைபேசித் தடம் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். தவிலின் அடிநாதம் கீழே உதிர்ந்துவிடும். நாயனத்தின் மேல் ஒலிகள் அறுபட்டுவிடும். ஒலியை நொடிக்கு 8 கிலோபிட்டாகச் சுருக்கும் ஜி.729 முறை மனிதப் பேச்சுக்கென்றே அமைக்கப்பட்டது. அதில் இசை நெளிந்தும் கரகரத்தும்தான் வந்து சேரும். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 2005இல் திருவாசகத்தைப் பெரும் வாத்தியக் குழுவோடு இசைத்து வெளியிட்டார். அப்படிப்பட்ட உழைப்பு இந்தத் தடத்தில் புகுந்தால் கேட்பவர் காதில் எஞ்சுவது சொற்பம். இதைவிடப் பெரிய இழப்பு கேட்பவர் மனத்தில் நடக்கிறது. கோயிலிலும் வீட்டிலும் பாட்டு நீள வேண்டும் என்று விரும்புகிறோம். ஹோல்டில் இருப்பவரோ இந்தப் பாட்டு எப்போது நிற்கும் என்றுதான் தவிக்கிறார். இறைவன் பெயர் ஒலிக்கும்போதே அது முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்படி ஒரு காதைப் பழக்குகிறோம். பக்திக்கு இதைவிட எதிரான பயிற்சியை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாகவதம் சொல்லும் ஒன்பது வகை பக்தியில் கேட்டலே முதலாவது. சாகும் தருணத்தில் நாராயணன் என்ற தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அஜாமிளனே கடைத்தேறினான் என்றால், எரிச்சலோடு கேட்டாலும் நாமம் நாமம்தானே என்று கேட்கலாம். நாமத்தின் ஆற்றலை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதை, பெயரைச் சொன்னவனின் விடுதலையைப் பற்றியது. இன்னொருவரின் பொழுதைப் பிடித்து வைத்திருப்பவருக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. மேலும், கம்பம் பள்ளத்தாக்கில் வியாபாரம் எல்லாச் சமயத்தாருக்கும் இடையில் நடக்கிறது. உத்தமபாளையத்து ராவுத்தரும் இராயப்பன்பட்டிக் கிறித்தவரும் அதே எண்ணுக்குத்தான் அழைப்பார்கள். கடைச் சுவரில் முருகன் படமும் காலையில் பாட்டும் இருப்பது முதலாளியின் வழிபாடு. பிடிக்காதவர் தள்ளி நின்றுகொள்ளலாம். போனில் தள்ளி நிற்க இடமில்லை. வைத்துவிட்டால் வரிசையும் போய்விடும்.

காத்திருப்பே ஒரு தவம், பொறுமை கற்றால் என்ன குறை என்பது இரண்டாவது மறுப்பு. சின்னமனூர் பக்கத்தில் குச்சனூர் சுயம்பு சனீஸ்வரனைக் கும்பிடும் மக்களுக்குக் காத்திருப்பைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் அஞ்சும் அந்தச் சனிக்கே கணக்கு இருக்கிறது: ராசிக்கு இரண்டரை ஆண்டு, மூன்று ராசிக்கு ஏழரை ஆண்டு. பிடித்தவன் எப்போது விடுவான் என்று பஞ்சாங்கம் சொல்லிவிடுகிறது. முல்லைத் திணையின் தலைவியும் வெறுமனே காத்திருப்பதில்லை; கார்காலத்தில் வருவேன் என்று தலைவன் சொல்லிச் சென்ற வாக்கு அவளிடம் இருக்கிறது. எல்லை தெரிந்த காத்திருப்பு பொறுமையை வளர்க்கும். எல்லை தெரியாமல் நிறுத்தி வைப்பது ஆளைச் சிறுமைப்படுத்தும். சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனாருக்குத் திருப்புன்கூரில் இறைவன் செய்தது என்ன? மறைத்து நின்ற நந்தியை விலகச் சொன்னான். காத்திருப்பவரிடம் இறைவன் நடந்துகொண்ட முறை அது; அவனைப் பாடுகிறவர்கள் அதைப் பின்பற்ற வேண்டாமா?

ஒரே ஆள் கல்லாவையும் போனையும் பார்க்கும் சிறு கடையில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். பெரிய செலவு தேவையில்லை. யாருடைய வழிபாட்டையும் சாராத மெல்லிய ஒலி ஒன்று. இடையிடையே, வரிசையில் எத்தனையாவது ஆள், இன்னும் ஏறத்தாழ எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்லும் ஒரு குரல். காத்திருக்க முடியாதவர் ஓர் எண்ணை அழுத்தினால் கடைக்காரரே திருப்பி அழைக்கும் வசதி. இவற்றுக்கு இன்றைய அமைப்புகள் பலவற்றில் வழி இருக்கிறது. அதுவும் இல்லாத கடையில் "பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூப்பிட்டால் போதும். களத்து வேலையை விட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்திருக்கும் விவசாயிக்கு அவருடைய பத்து நிமிடத்தைத் திருப்பித் தருவது, எந்தப் பாட்டையும் ஒலிக்கவிடுவதைக் காட்டிலும் இறைவனுக்கு நெருக்கமான செயல்.