தள்ளப்பட்ட மாற்கு தேவைப்பட்டான்

பம்பிலியாவிலே ஊழியத்தைப் பாதியில் விட்டுப்போன மாற்கை மறுபடியும் கூட்டிக்கொண்டு போக பவுலுக்கு மனமில்லை. பர்னபாவோ அவனை விடவில்லை, சீப்புருதீவுக்குக் கூட்டிப்போனார் (அப். 15). ஒரே ஆவியைப் பெற்ற இரண்டு ஊழியர்கள் பிரிந்தார்கள்!

வருஷங்கள் போயின. சிறையில் விலங்கோடிருந்த பவுல், தன் ஊழியத்துக்கு உதவ அதே மாற்கை அழைத்துவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 தீமோ. 4:11). அல்லேலூயா!

தேவபிள்ளையே, அந்நியபாஷை பேசுகிற உன் நாவு, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிற சகோதரியிடம் பேச மாட்டேங்குதா? இன்றைக்கு நீ மூஞ்சியைத் திருப்பிக்கிற ஆளே, நாளைக்கு உன் கஷ்டத்தில் கர்த்தர் அனுப்புகிற மாற்காக இருக்கலாம். அவங்க வரட்டும்னு காத்திருக்காதே. கர்த்தருடைய பந்திக்கு வருமுன்னே நீயே போய் ஸ்தோத்திரம் சொல்லு. கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார். ஆமென்!