திறமை விடைபெற்ற பின்

ஒரு மனிதரை உலகம் அவருடைய திறமையைக் கொண்டே அறிகிறது. பாடுபவரைக் குரலாலும், எழுதுபவரை நூலாலும், ஆடுபவரை வெற்றியாலும் அடையாளம் காண்கிறோம். அத்திறமை உள்ளவரை அவரைச் சூழ்ந்து நிற்பதில் எவருக்கும் சிரமம் இல்லை. முதுமையோ நோயோ வந்து அதனைப் பறித்துக்கொண்ட பிறகு, அவருக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? அவரை எவ்வாறு நினைவுகூர்வது முறை? வெற்றிக் கோலத்தில் மட்டுமா? தளர்ந்து கிடந்த கோலத்தையும் சேர்த்தா?

இவ்வினாவுக்குப் பலர் சட்டென்று கூறும் விடை ஒன்று உண்டு. “அந்த நிலையில் அவரைப் பார்க்க மனம் வரவில்லை, முன்பு எப்படி இருந்தாரோ அப்படியே என் நினைவில் இருக்கட்டும்” என்பார்கள். கேட்பதற்கு இது அன்பின் சொல்லாகவே தோன்றும். ஆயினும் இதனைச் சற்றே ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். இவ்வாறு சொல்லும்போது காப்பாற்றப்படுவது நோயுற்றவரின் பெருமையா, அல்லது நம்முடைய மன அமைதியா?

கோல்ஃப் ஆட்டத்தின் வரலாறு இந்த ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணை செய்யும். மற்போர் வீரரும் ஓட்டப்பந்தய வீரரும் இளமை கழிந்ததும் களத்தைவிட்டு அகன்றுவிடுகிறார்கள். அவர்களுடைய தளர்ச்சியை மக்கள் காண்பதில்லை. கோல்ஃப் அவ்வாறன்று. சிறிய பந்து ஒன்றை மட்டையால் அடித்து, பரந்த புல்வெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த 18 குழிகளில், எவ்வளவு குறைந்த அடிகளில் இயலுமோ அவ்வளவில் சேர்ப்பதே அந்த ஆட்டம். அதில் மோதலும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஆகவே அறுபதிலும் எழுபதிலும் அதனை ஆடலாம். அமெரிக்காவின் ஆகஸ்டா நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் மாஸ்டர்ஸ் போட்டியில், முன்னாள் வெற்றியாளர்களுக்கு வாழ்நாள் அழைப்பு உண்டு. ஆர்னால்டு பாமர் 1955 முதல் 2004 வரை இடைவிடாமல் 50 ஆண்டுகள் அங்கே ஆடினார். அவருடைய இளமையைக் கண்டு ஆரவாரித்தவர்களே அவருடைய நரையையும் கண்டார்கள். மறைக்க முடியாத முதுமை இந்த ஆட்டத்துக்கு உரியது.

மாஸ்டர்ஸ் போட்டியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பாபி ஜோன்ஸின் வாழ்க்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். அட்லாண்டா நகரைச் சேர்ந்த இவர், பரிசுப் பணம் பெறாமலே ஆடிய வழக்கறிஞர். 1930ஆம் ஆண்டு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த நான்கு பெரும் போட்டிகளிலும் ஒரே ஆண்டில் வென்றார். அப்பொழுது அவருக்கு வயது 28. புகழின் உச்சியில் நின்றவர், அந்த ஆண்டிலேயே போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார்.

பின்னர் முதுகுத்தண்டினுள் நீர்க்குழி தோன்றி நரம்புகளை அழுத்தும் கொடிய நோய் அவரைப் பற்றியது. 1948க்குப் பிறகு அவர் மட்டை பிடித்து ஆடவே இல்லை. கைத்தடி, கால்களுக்கு இரும்புப் பட்டை, இறுதியில் சக்கர நாற்காலி என்று உடல் படிப்படியாக ஒடுங்கிற்று. எந்தக் கைகளின் நளினத்தை உலகம் வியந்ததோ, அந்தக் கைகள் மெலிந்து வலிமை இழந்தன. 1971 டிசம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

“1930இன் ஜோன்ஸை மட்டும் நினைத்தால் போதாதா?” என்று கேட்கலாம். போதாது. 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அடிக்க முனைந்தபோது பந்து சற்றே அசைந்தது. அதனை வேறு எவரும் பார்க்கவில்லை. ஜோன்ஸ் தாமாகவே அதனை அறிவித்து, தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். அந்த ஓர் அடியால் வெற்றி கைநழுவி, போட்டி சமநிலையில் முடிந்தது. மீண்டும் ஆடியபோது தோற்றார். அவருடைய நேர்மையைச் சிலர் புகழ்ந்தபோது, திருடாமல் இருந்ததற்காக ஒருவனைப் பாராட்டுவதுண்டா என்ற கருத்தில் பதில் கூறினார். யாரும் பாராதபோதும் உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொண்ட அந்த மனமே, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நோயையும் உள்ளபடி ஏற்றுக்கொண்டது. கைகளின் திறமை போயிற்று. அந்த மனம் போகவில்லை. நோயை நீக்கிவிட்டு அவர் வரலாற்றைச் சொல்பவர், அவருடைய நேர்மை எவ்வளவு ஆழமானது என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்.

ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகர மக்கள் இதனை உணர்ந்திருந்தனர். அந்த ஊரில்தான் 1921இல் இளைஞரான ஜோன்ஸ் சினம் மேலிட்டு ஆட்டத்தைப் பாதியில் கைவிட்டார். அங்கேதான் 1927இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். 1958இல், எளிதில் நடக்க இயலாத நிலையில் அவர் அங்கே வந்தபோது, நகரத்தின் கௌரவக் குடியுரிமையை அவருக்கு வழங்கினார்கள். அதற்கு முன் அந்தச் சிறப்பைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின், ஆண்டு 1759. அவர்கள் போற்றியது இனி ஒருபோதும் ஆடப்போகாத மனிதரை. பெறுபவர் தம் கண்ணால் கண்டு, தம் காதால் கேட்க வழங்கப்பட்ட மரியாதை அது.

நிற்க, இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தளர்ந்த நிலையில் பிறர் கண்முன் வர விரும்பாதவர்களும் இருக்கிறார்களே, அவர்களை வற்புறுத்தலாமா? கூடாது. கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை நோயுற்றவருக்கு முழுமையாக உண்டு. ஆனால் அவர் கதவை அவரே சாத்துவது வேறு. வெளியிலிருந்து நாம் சாத்துவது வேறு. அமெரிக்க வீராங்கனை பேப் ஜஹாரியாஸ் 1953இல் குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்றார். புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேசிய காலம் அது. அவரோ தம் நோயை ஊரறியச் சொன்னார். மறு ஆண்டு, 1954இல், அமெரிக்க மகளிர் ஓப்பன் போட்டியில் 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். நோய் மீண்டும் வந்து, 1956 செப்டம்பரில் தம் 45ஆம் வயதில் மறைந்தார். மறைப்பதா, சொல்வதா என்பதை அவரே முடிவு செய்தார். அந்த முடிவு நோயுற்றவரின் சொத்து. காண்பவர்களின் கூச்சத்துக்கு அதில் பங்கில்லை.

வெற்றியாளர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதுமா? அவர்களுடைய மட்டைப் பையைச் சுமந்து, காற்றின் திசையும் தொலைவும் கூறி, கூடவே நடப்பவர்கள் இருக்கிறார்களே! டாம் வாட்சனுக்கு 1973 முதல், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, அவ்வாறு துணை நின்றவர் புரூஸ் எட்வர்ட்ஸ். 2003 ஜனவரியில் அவருக்கு ஏ.எல்.எஸ். என்னும் நோய் இருப்பது தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக மடிந்து, பேச்சும் நடையும் அடங்கிப்போகும் நோய் அது. அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. “நீ ஓய்வெடு, வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன்” என்று கூறுவது எளிது. அதனை இரக்கம் என்றே உலகம் எண்ணியிருக்கும். வாட்சன் அவ்வாறு செய்யவில்லை. எட்வர்ட்ஸ் தொடர்ந்து அவருடன் நடந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க ஓப்பனின் முதல் நாளில், 53 வயதான வாட்சன் 65 அடிகளில் ஆட்டத்தை முடித்தபோது, நாக்குக் குழறத் தொடங்கியிருந்த எட்வர்ட்ஸ் பக்கத்தில் இருந்தார். பின்னர் அந்த ஆண்டில் தமக்குக் கிடைத்த பத்து லட்சம் டாலர் பரிசை, அந்நோயை எதிர்க்கும் பணிக்கே வாட்சன் அளித்துவிட்டார். 2004 ஏப்ரல் 8ஆம் நாள், மாஸ்டர்ஸ் போட்டி தொடங்கிய காலையில், எட்வர்ட்ஸ் உயிர் நீத்தார். நோயாளிக்கு நாம் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை, இயன்றவரை அவருடைய இடத்தை அவருக்கே விட்டுவைப்பதுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகஸ்டாவில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியின் முதல் நாள் காலையில், மூத்த ஆட்டக்காரர்கள் முதல் பந்தை அடித்துத் தொடங்கிவைப்பார்கள். 2016இல் பாமரால் அடிக்க இயலவில்லை. அதனால் அவரை ஒதுக்கிவிடவில்லை. நண்பர்கள் நிக்லாஸும் பிளேயரும் அடிக்க, அவர் அருகே நாற்காலியில் வீற்றிருந்தார். அந்தச் செப்டம்பரில் காலமானார். மறு ஆண்டு அதே இடத்தில் ஒரு வெள்ளை நாற்காலியை வைத்து, அதன்மேல் அவருடைய பச்சை அங்கியைப் போர்த்தியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவருக்கு அங்கே இருக்கை இருந்தது; ஆகவேதான் அந்த வெறும் இருக்கைக்கும் பொருள் இருந்தது.

எல்லோருக்கும் இருக்கை உரிய காலத்தில் கிடைப்பதில்லை. மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடிய முதல் கறுப்பர் லீ எல்டர், ஆண்டு 1975. முதல் பந்தைத் தொடங்கிவைக்கும் சிறப்பு அவருக்குக் கிடைத்தது 2021இல். 46 ஆண்டுகள் கழித்து, மூக்கில் பிராணவாயுக் குழாயுடன் அவர் வந்தார். பந்தை அடிக்க உடலில் வலு இல்லை. மட்டையை உயர்த்திக் காட்டினார். அந்த நவம்பரிலேயே மறைந்தார்.

இதனினும் வருந்தத்தக்கது பப்வா செவ்கோலம் கதை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர். பிறர் மட்டைப் பையைச் சுமந்து பிழைத்தவர். 1963இல் நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளையரை வென்றார். நிறவெறிச் சட்டம் ஆண்ட அந்நாட்டில், அவரை மன்றத்துக்குள் அழைக்காமல் வெளியே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். பின்னர் போட்டிகளும் அவருக்கு அடைக்கப்பட்டன. 1978இல் வறுமையில் இறந்தார். இன்று டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்லதே, ஆயினும் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து ஆறுதல் அடைவது நாம்தான், அவரல்லர்.

நோயாளியைச் சென்று கண்டு நலம் விசாரிப்பதைக் கடமையாகவே அறிந்தவர்கள் நாம். அந்தக் கடமையின் உட்பொருள் இதுவே: திறமையைப் பார்க்கப் போகவில்லை, மனிதரைப் பார்க்கப் போகிறோம். இறந்தவரைப் புகழும் சொற்கள் மெய்யா பொய்யா என்பதை, அவர் தளர்ந்திருந்த நாட்களில் நாம் நடந்துகொண்ட விதமே காட்டிவிடும். ஆகவே, “முன்பு இருந்தபடியே நினைவில் இருக்கட்டும்” என்று சொல்லி ஒருவரைக் காணாமல் ஒதுங்க நினைக்கும்போது, அவர் அந்த நேரத்தில் யாருடைய வருகையை எதிர்பார்த்துக் கிடக்கிறார் என்பதையும் நினைத்துப் பார்ப்போமாக.