எதிர்நோக்கும் இன்பம்

மனிதன் பெறும் இன்பங்களுள் ஒன்று விந்தையானது. கையில் உள்ள பொருளால் அது வருவதில்லை. இன்னும் வாராத ஒன்றை எண்ணுவதால் வருகிறது. விழா நாளைவிட அதற்கு முந்திய நாள் இனிப்பதையும், வீட்டிற்குள் வந்துவிட்ட விருந்தினரைவிட வழியில் வந்துகொண்டிருக்கும் விருந்தினர் உள்ளத்தை நிறைப்பதையும் யாவரும் அறிவர். இந்த எதிர்நோக்கும் இன்பம் நன்மையா, தீமையா? அவா என்று கடிந்து இதனை ஒதுக்குவதா? குற்றமற்ற மகிழ்ச்சி என்று ஏற்பதா? இவ்வினாவை வெறுங்கருத்தாக வைத்து ஆராய்வதைவிட, உலகில் நிகழும் ஒரு நிகழ்ச்சியில் வைத்து ஆராய்வது தெளிவு தரும்.

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரைச் சூழப் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் பல உள்ளன. அங்கே ‘எபிக் யூனிவர்ஸ்’ என்னும் புதிய பூங்கா ஒன்றை அமைக்கப் போவதாக யூனிவர்சல் நிறுவனம் 2019 ஆகஸ்டு 1 ஆம் நாள் அறிவித்தது. பூங்கா திறக்கப்பட்ட நாள் 2025 மே 22. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளும் அன்பர் கூட்டம் ஒன்று அதன் வளர்ச்சியை விடாது கவனித்து வந்தது. சிலர் வானூர்தியில் ஏறி வட்டமிட்டுப் படம் எடுத்தனர். சிலர் சாலையோரத்தில் நின்று, வேலிக்கு மேலே தலை தூக்கிய இரும்புச் சட்டங்களை எண்ணினர். வேறு சிலர் அரசு அலுவலகங்களில் அளிக்கப்பட்ட கட்டட விண்ணப்பங்களையும் வடிகால் வரைபடங்களையும் தேடிப் படித்து, “இந்த வளைவு எதற்காக? இந்தப் பள்ளம் எதற்காக?” என்று தம்முள் வாதிட்டனர். கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைக்கதையைத் தழுவிய 14 ஏக்கர்ப் பகுதி கட்டப்பட்டபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே வண்டிகள் நிறுத்தும் மாடிக்கட்டடத்தின் உச்சி, வேலையைக் காண்பதற்குரிய மேடையாயிற்று. இவர்களுள் பெரும்பாலோர் பொறியாளரும் அல்லர். இதற்கெனக் கூலி பெறுவோரும் அல்லர். விருப்பம் ஒன்றே அவர்களை அங்கே நிறுத்தியது.

இதனைக் கேட்டதும் நம்முட் சிலர் நகைக்கக் கூடும். “பிறர் காசு ஈட்டுவதற்காகக் கட்டும் கட்டடத்தைப் பார்த்துக் காலத்தைக் கழிப்பது அறியாமை அன்றோ?” என்று வினவக் கூடும். இவ்வினாவில் உண்மை இல்லாமல் இல்லை. எதிர்பார்ப்பு தானே முளைப்பதும் உண்டு. பிறரால் விதைக்கப்படுவதும் உண்டு. வால்ட் டிஸ்னி அனஹைம் என்னும் ஊரில், ஆரஞ்சு மரங்கள் நின்ற நிலத்தில், 1954 ஜூலையில் டிஸ்னிலாந்தைக் கட்டத் தொடங்கினார். பெருந்தொகை வேண்டியிருந்தது. ஏ.பி.சி. என்னும் தொலைக்காட்சி நிறுவனம் அதில் முதலீடு செய்தது. அவரும் அந்நிறுவனத்திற்கு வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சி அளிக்க இசைந்தார். 1954 அக்டோபர் 27 ஆம் நாள் தொடங்கிய அந்நிகழ்ச்சியின் பெயரும் ‘டிஸ்னிலாந்து’ என்பதே. பூங்கா எவ்வாறு எழுகின்றது என்பதை இடையிடையே அதில் காட்டினார். ஆகவே, 1955 ஜூலை 17 ஆம் நாள் கதவு திறப்பதற்கு முன்னரே மக்களின் உள்ளத்தில் அப்பூங்கா கட்டப்பட்டுவிட்டது. புளோரிடாவில் இரண்டாவது பூங்கா எழுந்தபோது, 1970 ஜனவரியில் அதற்கென முன்காட்சிக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே சென்ற மக்கள் கண்டவை ஓவியங்களும் மாதிரி உருவங்களுமே. இல்லாத ஓர் இடத்தைக் காண்பதற்கு அவர்கள் பயணம் செய்தனர்! வாணிகம் செய்வோர் மனித மனத்தின் இவ்வியல்பை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆயினும், விதைத்தவன் நோக்கம் ஒன்றாகவும் விளைந்த பயன் வேறாகவும் இருத்தல் கூடும். வேலிக்கு வெளியே நின்று காண்பவர் உண்மையில் எதைக் காண்கின்றனர் என்று நோக்குவோம்.

திறப்பு விழாவிற்குப் பின் பணம் கொடுத்து உள்ளே செல்பவன் ஒரு மலையைக் காண்கின்றான். பல நூற்றாண்டு வெயிலும் மழையும் தின்ற பாறை என்றே அது அவனுக்குத் தோன்றுகின்றது. அவன் அவ்வாறு நம்ப வேண்டும் என்பதே கட்டியவரின் நோக்கம். வெளியே நின்று கண்டவனோ அம்மலையின் பிறப்பை அறிவான். முதலில் இரும்புத் தூண்கள் நிறுத்தப்பட்டன. அவற்றின்மேல் கம்பிகள் வளைக்கப்பட்டுக் கூடுகள் அமைக்கப்பட்டன. கூடுகளின்மேல் சிமெண்டுச் சாந்து பீய்ச்சப்பட்டது. சாந்து இறுகுமுன், வெடிப்புகளும் அடுக்குகளும் கைக்கருவிகளால் கீறப்பட்டன. பின்னர் வண்ணம் பல படியாகப் பூசப்பட்டு, நேற்றுப் பிறந்த பாறைக்கு முதுமை ஊட்டப்பட்டது. இவையெல்லாம் அவன் கண்டவை. எது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதை அவன் அறிந்துகொண்டான்.

இவ்வறிவு அவனுடைய மகிழ்ச்சியைக் கெடுத்ததா? இல்லை. மலை பொய் என்று அறிந்த பின்னும் அவன் அதனை விரும்புகின்றான். ஏமாறாமல் வியக்கின்றான். இது சிறிய பேறு அன்று. உலகில் நம்மிற் பலர் ஒன்றை விரும்ப வேண்டுமானால் அதன் உள்ளமைப்பைக் காண மறுக்கின்றோம். உள்ளமைப்பைக் கண்டுவிட்டால் வெறுக்கத் தொடங்குகின்றோம். தெளிவும் விருப்பமும் ஓரிடத்தில் வாழ முடியும் என்பதை இக்கூட்டத்தார் தம்மை அறியாமலே காட்டுகின்றனர். மாளிகையின் முகப்பை மட்டும் கண்டு மயங்குவதினும், அதன் அடித்தளத்தையும் கண்டு பாராட்டுவது உயர்ந்த நிலை என்பதில் ஐயமில்லை.

ஆனால் இங்கே ஒரு சோதனை உண்டு. வானிலிருந்து எடுத்த படத்தில் தலைக்கவசம் அணிந்த மனிதர் சிறு புள்ளிகளாய்த் தோன்றுவர். கட்டடத்தின் உயரத்தைக் கணக்கிடுவதற்கு அப்புள்ளி உதவும். அவ்வளவோடு நின்றுவிட்டால் பார்த்தவன் இரும்பைக் கண்டான், மனிதனைக் காணவில்லை. புளோரிடாவின் கோடை வெயிலில் அக்கம்பியை வளைத்த கை யாருடையது? சாந்து இறுகுமுன் விரைந்து கீறிய அக்கலைஞன் யார்? திறப்பு விழாவில் அவன் பெயர் சொல்லப்படுமா? இவ்வினாக்கள் பார்ப்பவன் நெஞ்சில் எழுமாயின், அவனுடைய பொழுதுபோக்கு அறமாக உயர்கின்றது. எழாவிடின், ஆறு ஆண்டுகள் பார்த்தும் அவன் பாதியையே பார்த்தவன் ஆவான்.

அடுத்த சோதனை தடை நேரும்போது வருவது. 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தது. பூங்காக்கள் மூடப்பட்டன. எபிக் யூனிவர்ஸ் வேலையும் நிறுத்தப்பட்டது. 2021 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்குவதாக அறிவிக்கப்பட்டது. அந்த இடைவேளையில், எதிர்பார்த்திருந்தவர் உள்ளத்தில் இரண்டில் ஒன்று நிகழ்ந்திருக்கலாம். “எனக்கு வர வேண்டியது தாமதமாகின்றதே!” என்று ஒருவன் சினந்திருக்கலாம். “வேலை நின்றதே, அங்கே உழைத்தவர்கள் இன்று எங்கே?” என்று மற்றொருவன் எண்ணியிருக்கலாம். அதே 2020 செப்டம்பரில் டிஸ்னி நிறுவனம் தன் பூங்காப் பிரிவுகளில் 28,000 பணியாளரை நீக்கப் போவதாக அறிவித்தது. உணவு பரிமாறியவரும், வாயிலில் வரவேற்றவரும், பொம்மை உடையணிந்து குழந்தைகளை மகிழ்வித்தவரும் வேலையை இழந்த காலம் அது. அக்காலத்தில் புதிய சவாரி ஒன்று தள்ளிப்போனதற்காக ஒருவன் தன்னைத் துன்புற்றவனாக எண்ணிக்கொண்டால், அவனுடைய எதிர்பார்ப்பு கெட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும். காண்பவனாய் இருந்தவன் கடன் கேட்பவனாய் மாறிவிட்டான். நாளைய பொருளின்மீது இன்றே உரிமை கொண்டாடுவதுதான் எதிர்நோக்கும் இன்பத்தில் பிறக்கும் நஞ்சு.

இனி, எதிர்பார்த்த நாள் வந்தபின் நிகழ்வதையும் நோக்குவோம். 1955 இல் டிஸ்னிலாந்து திறந்த அன்று புதிதாய் ஊற்றிய தார் முற்றும் இறுகவில்லை; பெண்டிரின் காலணிக் குதிகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல இயங்கவில்லை. வந்தவர் வெயிலில் நாவறண்டு நின்றனர். பல மாதங்களாகத் தொலைக்காட்சியில் கண்ட கனவுலகம் இதுதானா என்று சிலர் நினைத்திருப்பர். 2019 மே 31 ஆம் நாள் ஸ்டார் வார்ஸ் பகுதி அதே பூங்காவில் திறக்கப்பட்டபோது, பெருங்கூட்டத்தை அஞ்சி முதற் சில வாரங்களுக்கு முன்பதிவு முறை வகுக்கப்பட்டது. ஆனால் அக்கோடையில் அஞ்சிய அளவு கூட்டம் வரவில்லை. அங்கு அமைய வேண்டிய இரு சவாரிகளுள் ஒன்று 2020 ஜனவரியில்தான் திறந்தது. இவை கட்டியவரின் குறை என்று சொல்வதற்காக இவற்றை எடுத்துக்காட்டவில்லை. உள்ளம் கட்டும் பூங்காவில் தார் இளகுவதில்லை, வெயில் சுடுவதில்லை, வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை. மண்ணில் கட்டப்படும் எப்பூங்காவும் அதற்கு ஈடாகாது. நிறைவு திறப்பு நாளில்தான் இருக்கின்றது என்று நம்பியவன் அந்நாளில் ஏமாறுவான். பார்த்த ஒவ்வொரு நாளிலும் நிறைவு கண்டவனுக்கு அந்நாள் மற்றுமொரு நல்ல நாள்.

ஏமாந்த உள்ளம் யாது செய்யும்? அடுத்த வேலியைத் தேடிச் செல்லும். வேலிகளுக்கும் குறைவில்லை. டிஸ்னிலாந்து ஒருபோதும் முடிவு பெறாது என்று அதனைக் கட்டியவரே கூறினார். வாணிகன் வாய்ச்சொல்லாகக் கேட்டால் அஃது ஓர் அழைப்பு. சிந்திப்பவன் செவியில் அஃது ஓர் எச்சரிக்கை. முடிவு பெறாத ஒன்றின் முடிவில் நிறைவை வைத்தவன் அதனை என்று அடைவான்?

புதியது எழுவதற்கு இடம் வேண்டும். அவ்விடத்தில் பழையது ஒன்று இருந்திருக்கும். புளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 1971 ஆம் ஆண்டு முதல் ஓர் ஆறு இருந்தது. மனிதர் வெட்டிய ஆறுதான். ஆயினும் அதில் நீராவிப் படகு ஓடியது. நடுவில் ஒரு தீவும் இருந்தது. திரைப்படத்தில் வந்த மகிழுந்துகளின் கதையைத் தழுவிய புதிய பகுதிக்காக 2025 ஜூலையில் அவ்வாறு மூடப்பட்டது. புதியவற்றைக் காண வேலியோரம் நிற்கும் அதே அன்பர்கள் அன்று கடைசிப் படகில் ஏறுவதற்குத் திரண்டனர். பின்னர் நீர் வற்றிய ஆற்றுப் படுகையையும் படம் எடுத்தனர். இதில் முரண்பாடு உண்டென்று நகைப்பது எளிது. ஆழ்ந்து நோக்குவோர்க்கு அது பாடமாகும். இன்று அழிக்கப்படும் ஆறு ஒருநாள் எவரோ ஆவலோடு எதிர்நோக்கிய புதுமை. இன்று எதிர்நோக்கும் புதுமையும் ஒருநாள் வேறொன்றிற்காக இடிக்கப்படும். இதனை நூலிற் படித்து ஒப்புக்கொள்வது வேறு. தான் விரும்பிய இடத்தில் கண்டு ஒப்புக்கொள்வது வேறு.

இறுதியாக ஒன்று. புளோரிடாப் பூங்காவை எவரினும் மிகுதியாக எதிர்நோக்கியவர் வால்ட் டிஸ்னியே ஆவார். நிலம் வாங்கப்பட்டது, திட்டங்கள் வரையப்பட்டன. 1966 டிசம்பர் 15 ஆம் நாள் அவர் இறந்தார். அவருடைய மூத்த உடன்பிறந்தார் ராய், தம் ஓய்வைத் தள்ளிவைத்து அப்பணியை ஏற்று நடத்தினார். 1971 அக்டோபரில் பூங்கா திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ராயும் மறைந்தார். ஒருவர் திறந்ததைக் காணவில்லை. மற்றவர் மூன்று மாதத்திற்குள் விடைபெற்றார். அவர்கள் பெற்ற இன்பம் எது? வரைந்த நாள்களிலும் கட்டிய நாள்களிலும் பெற்றதே அவர்களுக்கு உரியதாய் இருந்தது. கட்டியவர்க்கே நாளை உறுதி இல்லையாயின், வேலிக்கு வெளியே நிற்பவர்க்கு உறுதி ஏது?

ஆகவே, எதிர்நோக்குதலை அவா என்று முற்றும் கடிய வேண்டுவதில்லை. குற்றமற்றது என்று கண்மூடி ஏற்கவும் வேண்டுவதில்லை. இன்று எழும் தூணை இன்று கண்டு மகிழ்பவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. அத்தூணை நிறுத்திய கைகளையும் நினைப்பானாயின் அவன் மகிழ்ச்சி பண்புடையதாகின்றது. “அது திறந்தால்தான் நான் மகிழ்வேன்” என்று ஒருவன் தன் இன்றைய நாளை நாளைக்கு அடகு வைக்கும்போதுதான் கேடு தொடங்குகின்றது. பூங்காவை எதிர்நோக்குவோர்க்கு மட்டுமா இது பொருந்தும்? பட்டத்தையும் பதவியையும் புது வீட்டையும் எதிர்நோக்கி நிற்கும் நாமும் ஏதோ ஒரு வேலிக்கு வெளியே நிற்பவர்களே. நிற்பதில் பிழையில்லை. கண்களைத் திறந்து நிற்கின்றோமா என்பதே கேள்வி.