ஆன்மாவின் பூர்வநிலை

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக்குருடன் ஒருவனை வழியிலே கண்ட சீஷர்கள், அவனுடைய பார்வையின்மைக்கு மூலமாயிருந்த பாவம் அவனுடையதோ, அவனைப் பெற்றவர்களுடையதோ என்று தங்கள் குருவை வினவுகிறார்கள். பெற்றோரின் பாவம் பிள்ளைகளைத் தொடரும் என்பது யூத மக்களிடையே நெடுங்காலமாய் வழங்கிவந்த எண்ணமாதலால், அவ்வினாவின் ஒரு பாதியில் நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மற்றப் பாதியோ, நின்று நிதானித்துப் படிக்கிறவனைத் திடுக்கிடச் செய்வது. ஒளியையே காணாமல் தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்தவன், அதற்கு ஈடான பாவத்தை எப்பொழுது, எங்கே செய்திருக்கக்கூடும்? கருவிலிருக்கும்போதே சிசு பாவம் செய்யக்கூடும் என்று கருதிய ரபீக்கள் சிலர் இருந்தனர். அதற்கும் முன்பே, உடலை அடையாத ஒரு நிலையில், ஆன்மா நன்மை தீமைகளைத் தேர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணியவர்களும் இருந்தனர். இயேசு அவ்விரு காரணங்களையும் விலக்கிவிட்டு அவனுடைய கண்களைத் திறந்தார். ஆனால் அம்மறுமொழி அந்த ஒருவனைப் பற்றியது. பிறக்கும் குழந்தைகள் எல்லாம் ஒரே அளவான பேற்றுடன் பிறவாதது ஏன் என்ற பொதுக் கேள்வி, அவரை ஆண்டவரென்று வணங்கியவர்களின் உள்ளத்தில் அதற்குப் பின்னும் ஆறாமல் இருந்துவந்தது.

ஆன்மா உடலுக்கு முற்பட்டது என்ற கருத்து பிளேட்டோவின் காலந்தொட்டே கிரேக்கர்களுக்குப் பழக்கமானது. கிரேக்கம் பேசிய யூதர்களிடையிலும் அது வேர்விட்டிருந்தது. சாலொமோனின் ஞானம் எனப்படும் நூலில் பேசுகிறவர், தமக்கு நல்ல ஆன்மா வாய்த்ததென்று சொல்லத் தொடங்கி, உடனே தம்மைத் திருத்திக்கொண்டவர்போல, தாம் நல்லவராயிருந்ததனாலேயே மாசற்ற உடலில் வந்து சேர்ந்ததாகக் கூறுகிறார். எஸ்ஸீனியர் என்ற யூதத் துறவிகள், ஆன்மாக்கள் நுண்ணிய ஆகாயத்திலிருந்து இறங்கி உடலாகிய சிறையில் அகப்பட்டுக்கொள்கின்றன என்று நம்பியதாக ஜோசீபஸ் எழுதிவைத்திருக்கிறார். ஆயினும் கிறிஸ்தவர்களுள் இக்கருத்தை எடுத்து ஒரு பெருந்தத்துவமாகக் கட்டியெழுப்பியவரை, பிளேட்டோவைப் படித்துக் கடன்வாங்கியவர் என்று மாத்திரம் சொல்லி விட்டுவிடுவது நியாயமன்று. அவரைத் தூண்டியது வேறொரு வேதனை.

அவர் அலெக்சாந்திரியா நகரத்து ஓரிகன். ஏறக்குறைய 185-ஆம் ஆண்டில் பிறந்தவர். அவர் குழந்தையாயிருந்தபோது, தந்தை லெயோனிதெஸ், உறங்கும் மகனின் மார்பை மூடிய ஆடையை விலக்கி, பரிசுத்த ஆவி வாசம்செய்யும் கோயிலென்று அவ்விடத்தில் முத்தமிடுவார் என்று சரித்திர ஆசிரியரான யூசேபியுஸ் சொல்கிறார். அந்தத் தந்தை 202-ஆம் ஆண்டுத் துன்புறுத்தலில் கிறிஸ்துவுக்காகத் தலை கொடுத்தார். பதினேழு வயதும் நிரம்பாத மகன் தானும் சாவைத் தேடி ஓடிவிடாதபடி, தாய் அவனுடைய உடைகளை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. பின்னர் அவர் அந்நகரத்து ஞானோபதேசப் பாடசாலையின் தலைமையை ஏற்று, ஆதி தத்துவங்களைப் பற்றி என்ற தம் பெருநூலை இயற்றினார். அதன் கிரேக்க மூலம் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. ருஃபினுஸ் என்பவர், தமக்கு ஐயமாய்ப்பட்ட பகுதிகளை மாற்றியும் குறைத்தும், 398-ஆம் ஆண்டையொட்டி லத்தீனில் பெயர்த்த வடிவிலேயே அது முழுதாக நம் கைக்கு வந்திருக்கிறது. ஆகவே ஓரிகனின் கொள்கை இதுவென்று எவர் உரைத்தாலும், மொழிபெயர்ப்பாளருடைய அச்சத்தையும் எதிரிகளுடைய கோபத்தையும் கடந்து வந்த குரலையே நாம் கேட்கிறோம் என்பதை மறத்தலாகாது.

அக்காலத்தில் மார்சியோன், வாலெந்தினுஸ், பசிலிதெஸ் ஆகியோரின் வழிவந்தவர்கள் ஒரு வலிமையான வாதத்தைக் கையாண்டனர். ஒருவன் எபிரேயர்களுக்குள்ளே பிறந்து வேதத்தைக் கற்று வளர்கிறான். ஒருவன் அறிவிற்சிறந்த கிரேக்கர் நடுவே பிறக்கிறான். வேறொருவனோ, தந்தையைக் கொல்வதே முறைமையென்று கொள்வதாகச் சொல்லப்பட்ட சித்தியர்களின் குடியிலே பிறக்கிறான். பிறக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எவனுக்கும் இல்லையாகில், ஆன்மாக்களின் இயல்பே வேறு வேறென்றோ, உலகைப் படைத்தவன் நீதியற்றவனென்றோ, எல்லாம் குருட்டு வாய்ப்பின் விளையாட்டென்றோ கொள்வதன்றி வேறு வழியில்லை என்றார்கள். இந்த மூன்றில் எதனையும் ஓரிகனால் ஏற்க இயலவில்லை. அதனோடு, ஏசாவும் யாக்கோபும் ரெபேக்காளின் வயிற்றிலிருந்து பிறந்து நன்மை தீமை எதுவும் செய்வதற்கு முன்னமே, ஒருவன் நேசிக்கப்பட்டான், மற்றவன் வெறுக்கப்பட்டான் என்று பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதியது அவர் கண்ணெதிரே நின்றது. அநீதி கடவுளிடத்தில் இருக்க முடியாதெனில், அந்த நேசத்துக்கும் வெறுப்புக்கும் காரணம் கருவறைக்கு அப்பாலே இருந்தாகவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அவர் கண்ட காட்சி இது. ஆதியில் கடவுள் படைத்த அறிவுயிர்கள் யாவும் சமமானவை. ஒன்றைவிட ஒன்றை உயர்த்திப் படைக்க அவருக்குக் காரணம் எதுவுமில்லை. அவை யாவும் தடையற்ற சுதந்திரத்தோடு அவரையே தியானித்திருந்தன. பின்னர், அமுதும் தெவிட்டினாற்போல அந்தத் தியானத்தில் ஓர் அயர்வு தோன்றிற்று. ஒவ்வொன்றும் தான் அயர்ந்த அளவுக்கு விலகிற்று. குறைய விலகியவை வானவர்களாயின. மிக விலகியவை பேய்களாயின. இடையில் நின்றவை மனிதராய்ப் பிறக்கின்றன. ஆன்மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ப்ஸூகே, குளிர்தல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததெனக் கொண்டு, கடவுளாகிய நெருப்பை விட்டு அகன்று ஆறிப்போன அறிவே ஆன்மா என்று அவர் விளக்கினார். உள்ளம் குளிர்ந்தது என்று மகிழ்ச்சிக்கும், வயிறு எரிந்தது என்று துயருக்கும் வழங்கும் நம் வெயில் நாட்டாருக்கு, குளிர்ச்சியே வீழ்ச்சியின் பெயராய் நின்ற இந்த உருவகம் முதலில் வியப்பளிக்கும். ஆனால் அன்பு தணிந்துபோதல் என்று நாமும் சொல்வதை நினைத்துக்கொண்டால், அவர் உள்ளக்கருத்து விளங்கிவிடும். உலகத்தோற்றத்தைக் குறிக்கப் புதிய ஏற்பாடு ஆளும் கதபொலே என்ற சொல்லிலும், கீழே எறிதல் என்ற பொருளையே அவர் கண்டார். எல்லா அறிவுயிர்களுள்ளும் ஒன்று மாத்திரம் அயரவில்லை. உலைக்களத்தில் கிடந்து உள்ளும் புறமும் நெருப்பேயான இரும்பைப்போலத் தெய்வ வார்த்தையோடு ஒன்றிவிட்ட அந்த ஆன்மாவே, பின்னர் இயேசுவின் ஆன்மாவாயிற்று.

இக்கட்டடத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த மூலை ஒன்று உண்டு. உடலுக்குள் வந்தவை யாவும் தண்டனை பெற்று வந்தவை என்று ஓரிகன் சொல்லவில்லை. தம் குற்றம் காரணமாகவன்றி, விழுந்தவர்களுக்குத் துணைசெய்யும்பொருட்டே இறங்கிவந்த ஆன்மாக்களும் உண்டென்று அவர் கருதினார். சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களுமே அவ்வாறு பிறருக்காகப் பாரம் சுமப்பவை என்று நம்பினார். தாயின் வயிற்றில் உருவாகுமுன்பே தெரிந்துகொள்ளப்பட்ட எரேமியாவும், எலிசபெத்தின் கருவில் களிப்பால் துள்ளிய யோவான் ஸ்நானகரும் அவருக்குச் சான்றுகளாயினர். இவ்வுலகம் அவருக்குத் தூக்குமேடையாய்த் தோன்றவில்லை. மெல்ல மெல்லக் கற்பித்து, எல்லா உயிர்களையும் முன்னிருந்த இடத்துக்கே திருப்பியழைக்கும் பாடசாலையாகவே தோன்றிற்று.

ஆதியில் திருச்சபை மறுபிறப்பை ஏற்றிருந்ததென்றும், பின்னர்ச் சக்கரவர்த்தி ஒருவன் அதனை வேதத்திலிருந்து நீக்கினானென்றும் நம்மவர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பிழை அது. பூர்வநிலை வேறு, மறுபிறப்பு வேறு. உலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும் என்று ஓரிகன் நினைத்தது உண்மையே. ஆனால் எலியாவின் ஆன்மாவே யோவான் ஸ்நானகரின் உடலில் புகுந்தது என்ற கருத்தை, மத்தேயுவின் சுவிசேஷத்துக்கு எழுதிய உரையில் அவர் திருச்சபைக்குப் புறம்பானதென்று வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார். நம் சைவசித்தாந்தம் ஆணவ மலத்தை அநாதியென்று கொள்ளும். ஓரிகனுக்கோ தீமைக்கு ஒரு தொடக்கம் உண்டு, அத்தொடக்கம் சுதந்திரமான ஓர் உயிரின் அயர்வு. 17-ஆம் நூற்றாண்டில் மதுரையில் வாழ்ந்து தத்துவபோதகர் எனப்பெற்ற ராபர்ட் தெ நொபிலி, ஆத்தும நிர்ணயம், புனர்ஜென்ம ஆட்சேபம் என்னும் நூல்களை எழுதவேண்டியிருந்ததும், பிறவிகளின் ஏற்றத்தாழ்வு பற்றிய இதே கேள்வி இம்மண்ணில் வேறோர் உருவில் அவரை எதிர்கொண்டதனாலேதான்.

மறுத்தவர்களும் எளியவர்களல்லர். இரண்டாம் நூற்றாண்டிலேயே, யுஸ்தீனுஸ் எழுதிய சம்வாதத்தில் வரும் ஒரு முதியவர், தான் ஏன் தண்டிக்கப்பட்டோம் என்பதை அறியாத ஆன்மாவுக்கு அத்தண்டனையால் பயன் என்ன என்று கேட்டுவிட்டார். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், ஆன்மாவும் உடலைப்போலவே பெற்றோரின் வித்திலிருந்து தோன்றுகிறதென்று வாதித்தார். நீசா நகரத்துக் கிரகோரியார், ஓரிகனை ஆழ்ந்து கற்று அவரிடம் மிகவும் கடன்பட்டிருந்தும், இவ்விஷயத்தில் மாத்திரம் விலகி, ஆன்மா முந்தியதுமன்று, உடல் முந்தியதுமன்று, இரண்டும் ஒரே கணத்தில் ஒருசேரத் தொடங்குகின்றன என்றார். அவர்கள் காக்க நினைத்தது உடலின் மதிப்பை என்று நான் எண்ணுகிறேன். தெய்வமே மாம்சத்தில் வந்ததென்று நம்பும் சமயத்தில், மாம்சத்தை வீழ்ச்சியின் விளைவென்று எவ்வாறு கொள்வது? அதைவிட எனக்குப் பெரிதாய்த் தோன்றும் தடை மற்றொன்று. குருடனாய்ப் பிறந்த பிள்ளையை மடியில் ஏந்திய தாயிடம், இது நீதியே, இவன் எங்கோ செய்ததன் பயன் இது என்று சொல்ல நேர்கிறது. கடவுளின்மேல் பழி வராமல் காக்கும்பொருட்டு அப்பழி அந்தச் சிசுவின் தலையில் ஏற்றப்படுகிறது. கருணையிலே தொடங்கிய ஓரிகனின் சிந்தனை, தான் அறியாமலே இந்த இடத்துக்கு வந்து நிற்பதை எண்ணும்போது என் மனம் வருந்துகிறது.

ஆனாலும் அக்கொள்கையில் ஆறுதல் பெற்றவர்களும் இருந்தனர் என்பதை மறைக்கக்கூடாது. நான்கு வயதளவில் இரு கண்களையும் இழந்து, செவியால் மாத்திரம் கற்று, அலெக்சாந்திரியாவில் பெரும் வேதபண்டிதராய் விளங்கி, 398-ஆம் ஆண்டளவில் மறைந்த திதிமுஸ், ஆன்மாவின் பூர்வநிலையை உறுதியாய்ப் போதித்தார். லீபியா நாட்டுப் பிதொலெமாயிஸ் நகரத்தார் 410-ஆம் ஆண்டையொட்டித் தங்கள் மேற்றிராணியாராகத் தெரிந்துகொண்ட சினேசியுஸ், ஆன்மா உடலுக்குப் பின்னே தோன்றியதென்று தம்மால் ஒருபோதும் ஒப்ப இயலாது என்பதைத் தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் முன்னதாகவே தெரிவித்துவிட்டு, அதன் பின்னரே அப்பதவியை ஏற்றார். ஓரிகனின் வழி நின்ற துறவிகளை நித்திரியா மலையினின்றும் துரத்திய அலெக்சாந்திரியா மேற்றிராணியார் தெயோபிலுஸே அவருக்கு அபிஷேகம் செய்தவர்.

முடிவு தெரிந்ததே. பலஸ்தீனத்து மடங்களில் மூண்ட பூசலைக் காரணமாகக் கொண்டு, யுஸ்தினியான் சக்கரவர்த்தி 543-இல் ஓரிகனுக்கு எதிராகக் கட்டளை பிறப்பித்தார். கான்ஸ்டாண்டிநோபிளில் 553-ஆம் ஆண்டு கூடிய சங்கத்தோடு சேர்த்து வழங்கும் 15 சாபவாக்கியங்களில் முதலாவது, ஆன்மாக்களின் பூர்வநிலையையும் அவை யாவும் மீளும் என்பதையும் ஒருங்கே சபிக்கிறது. அவ்வாக்கியங்கள் சங்கத்தின் முறையான நடவடிக்கைகளில் அடங்கியவைதாமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிக்கிறார்கள். தேசியுஸ் மன்னனின் காலத்தில் கிறிஸ்துவுக்காகச் சிறையிருந்து சித்திரவதைப்பட்டு, அதன் பின் நெடுநாள் வாழாமல் மறைந்த ஒருவரை, முந்நூறு ஆண்டுகள் கழித்துச் சபித்தார்கள். திதிமுஸின் நூல்களும் அதனோடு மங்கி மறைந்தன; அவற்றுட் சில, 1941-ஆம் ஆண்டில், கெய்ரோவுக்கு அருகே தூரா என்னுமிடத்துப் பழைய கல்சுரங்கங்களை யுத்தத் தளவாடங்கள் வைக்க ஒழித்தபோது, பாப்பிரஸ் ஏடுகளாக வெளிப்பட்டன.

சாபம் கேள்வியை அவித்துவிடவில்லை. அதற்கு முன்பே அதனை இன்னும் நெருக்கமாய் உணர்ந்தவர் ஒருவர் உண்டு. அர்ச்சியசிஷ்ட அகுஸ்தீனார் தம் இளமைக்கால நூலொன்றிலே, ஆன்மா பெற்றோர்வழி வருகிறதோ, பிறக்குந்தோறும் புதிதாய்ப் படைக்கப்படுகிறதோ, முன்னமே இருந்து கடவுளால் அனுப்பப்படுகிறதோ, தானே இறங்கி விழுகிறதோ என்று நான்கு வழிகளையும் விரித்து, ஒன்றையும் தெரிந்துகொள்ளாமல் விட்டார். கடவுள் நாள்தோறும் புதிய ஆன்மாக்களைப் படைக்கிறார் என்று நம்பிய ஜெரோம், இது குறித்துத் தம்மை வினவிய மார்செல்லினுஸை, அருகிலிருக்கும் அகுஸ்தீனாரிடமே கேட்டுக்கொள்ளுமாறு எழுதிவிட்டார். அகுஸ்தீனாரோ 415-ஆம் ஆண்டில், ஒரோசியுஸ் என்ற இளங்குருவின் கையில் பெத்லகேமிலிருந்த ஜெரோமுக்கு ஒரு நீண்ட கடிதம் கொடுத்தனுப்பினார். புதிதாய்ப் படைக்கப்பட்ட ஆன்மா தானாக ஒரு பாவமும் செய்யாதிருக்க, ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசு எந்த நீதியால் தண்டிக்கப்படும், நோயினாலும் பசியினாலும் அது படும் பாட்டுக்கு எது காரணம், எனக்குக் கற்பியும், என்னிடம் நீர் அனுப்பினவர்களுக்கு நான் கற்பிக்கும்படி என்பது அதன் சாரம். அதற்கு விடை எழுத இது காலமன்று என்ற அளவிலே ஜெரோம் மறுமொழி தந்தார். விடை வரக்கூடும் என்று எண்ணி, அவர் உயிரோடிருந்த வரையில் அக்கடிதத்தை அகுஸ்தீனார் வெளியிடவில்லை. 420-ஆம் ஆண்டையொட்டி ஜெரோம் காலமானார். அகுஸ்தீனார் 426-க்கும் 427-க்கும் இடையில், தாம் வாழ்நாளெல்லாம் எழுதிய நூல்களை ஒவ்வொன்றாய்த் திரும்ப எடுத்துத் திருத்தியபோது, ஆன்மா எங்கிருந்து வந்து உடலில் சேர்கிறதென்ற இடத்தில், அன்றும் அறிந்திலேன், இன்னும் அறிந்திலேன் என்ற கருத்தையே எழுதிவைத்துவிட்டு அடுத்ததற்குச் சென்றார்.