கைமாறி வந்த வண்டிக்கு தோஷம் உண்டா?



வீட்டுக்குப் புதிதாக ஒரு வண்டி வருகிறது என்றால் நமக்கெல்லாம் எத்தனை பூரிப்பு! மாக்கோலம் போட்டு, ஆரத்தி கரைத்து, வாசலில் காத்திருப்போம். ஆனால், வருவது இன்னொருவர் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிளாக இருந்தால்..? பூரிப்போடு ஒரு கலக்கமும் சேர்ந்து கொள்கிறது.

‘யார் கையில் இருந்ததோ... எங்காவது விழுந்து எழுந்ததோ... கஷ்டம் தாங்காமல் விற்றார்களோ... அந்தக் கண்ணீர் நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிடுமோ!’

வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், கணவரோ பிள்ளையோ அந்த வண்டியில் ஏறிப் போகும்போது நெஞ்சு படபடக்கத்தானே செய்கிறது? இந்தக் கலக்கத்துக்கு விடை தேட, பழநி மலையின் அடிவாரத்துக்குப் போய் வருவோமா?

திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது அய்யம்பாளையம். எங்கு திரும்பினாலும் தென்னந்தோப்பு. தேங்காய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அருகிலேயே மருதாநதி அணை. அங்கிருந்து மலைப்பாதையில் ஏறி, பெரும்பாறையைக் கடந்து சென்றால் தாண்டிக்குடி. அங்கே பாலமுருகன் அருளாட்சி செய்கிறான். முருகப்பெருமான் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழநிக்குச் சென்றதால், ‘தாண்டிக்குதி’ என்பதே தாண்டிக்குடி ஆயிற்று என்பார்கள், ஊர்ப் பெரியவர்கள்.

காப்பி, மிளகு, மலைவாழை என்று தோட்டங்கள் நிறைந்த மலை. கொண்டை ஊசி வளைவுகளும் பனிமூட்டமும் உள்ள பாதை. இப்படிப்பட்ட ஊரில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரம் அல்ல; பிழைப்புக்கான துணை. புதிது வாங்க வசதி இல்லாதவர்கள், கைமாறிய வண்டியைத்தானே வாங்க முடியும்? அவர்களை எல்லாம் அந்த மலைக் குமரன் கைவிட்டுவிடுவானா, என்ன!

அவன் ஏறி வரும் மயிலின் கதையைக் கேளுங்கள்... உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது!

முருகனின் மயில் யார்?

சூரபதுமனோடு போர் நடந்தபோது, இந்திரனே மயிலாகி முருகனைச் சுமந்தான் என்கிறது கச்சியப்ப சிவாச்சாரியார் அருளிய கந்தபுராணம். தேவர்களின் தலைவனே வாகனம்! அதைவிடப் பெருமைக்குரிய வாகனம் வேறு உண்டா?

போரின் முடிவில், கடலுக்கு நடுவே மாமரமாக நின்றான் சூரன். வேல் அவனை இரண்டாகப் பிளந்தது. ஒரு கூறு சேவலாகவும் மறு கூறு மயிலாகவும் மாறி, சீறி வந்தன. கந்தன் என்ன செய்தான் தெரியுமா? கருணையோடு பார்த்தான். அவ்வளவுதான்... பகை ஒழிந்தது. சேவல், கொடியானது. இந்திர மயிலை விட்டிறங்கிய பெருமான், சூரனாக இருந்த மயில் மீது ஏறி அமர்ந்தான்!

பாருங்கள்... குறையே இல்லாத ஒரு வாகனம் இருக்க, கொடிய பழங்கதை உள்ள ஒன்றை அல்லவா அவன் தேர்ந்தெடுத்தான்! அண்ணன் விநாயகரும் அப்படித்தான். கஜமுகன் என்னும் அசுரன் பெருச்சாளியாக வந்தபோது அடக்கி, அவனையே தன் வாகனமாக்கிக் கொண்டார்.

இதில் நமக்கு உள்ள பாடம் என்ன? வாகனத்தின் பெருமை, முன்பு அது என்னவாக இருந்தது என்பதில் இல்லை. இப்போது அதில் ஏறி இருப்பவர் யார், அவர் அதை எப்படி நடத்துகிறார் என்பதில்தான் இருக்கிறது.

ராஜஸ்தான் மாநிலம் பாலி மாவட்டத்தில், 1988-ல் சாலை விபத்தில் இறந்த ஓம் பன்னா என்ற இளைஞரின் புல்லட் வண்டியையே கண்ணாடிக் கூண்டில் வைத்து வழிபடுகிறார்கள். அந்த நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, ‘பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும்’ என்று வேண்டிக் கொள்கிறார்கள். விபத்தில் சிக்கிய வண்டியைக்கூட மக்களின் பக்தி காவல் தெய்வமாக்கிவிட்டது!

அப்படியானால் தோஷமே இல்லையா? உண்டு. ஆனால், அது இரும்பில் இல்லை; நாம் முடிக்காமல் விடும் கடமையில் இருக்கிறது.

பெயர் மாற்றமும் தர்மமே!

பணம் கொடுத்து, சாவியை வாங்கியதும் வண்டி நம்முடையதாகி விட்டதாக நினைக்கிறோம். பதிவுச் சான்றில் (ஆர்.சி. புத்தகம்) பழையவர் பெயரே இருக்கும். ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்று மாதங்கள் ஓடும்.

2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒருவர் தன் காரை விற்றுவிட்டார். அது பல கைகள் மாறியது. யாரும் பெயரை மாற்றவில்லை. பிறகு விபத்து நேர்ந்தது. ‘பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு’ என்று தீர்ப்பானது.

யோசித்துப் பாருங்கள் சகோதரி... பெயரை மாற்றாமல் நாம் ஓட்டினால், நம் வீட்டு வண்டியால் வரும் பாரம், எங்கோ இருக்கும் ஒரு குடும்பத்தின் தலையில் விழும். கஷ்டத்துக்காக வண்டியை விற்றவருக்கு மேலும் ஒரு கஷ்டம்! இதைவிடப் பெரிய தோஷம் வேறு எது?

எனவே, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். முன்பிருந்தவர் கடனில் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 அவசியம். பதிவாகி 15 ஆண்டுகள் ஆன வண்டி என்றால், பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இவை அனைத்தும் முடிந்த நாளே, வண்டி உண்மையில் உங்கள் வீட்டுக்கு வந்த நாள்!

பூஜை செய்வது எப்படி?

முதலில் மெக்கானிக்கிடம் காட்டி, பிரேக், டயர், செயின், விளக்கு அனைத்தையும் சரிபாருங்கள். குறை உள்ள பிரேக்கோடு பூஜை போட்டு, ‘நீயே காப்பாத்து’ என்று ஆண்டவனிடம் சொல்வது பக்தி ஆகாது.

பிறகு நல்ல நாளில் வண்டியைக் கழுவி, மஞ்சள்- குங்குமம் வைத்து, பூ சாற்றுங்கள். சந்தனத்தையும் எண்ணெயையும் பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் படவிடக் கூடாது, பிடிமானம் போய்விடும். நம்பர் பிளேட்டை மறைக்காதீர்கள். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பிள்ளையாரை வேண்டி நகர்த்துங்கள். கிளம்பும் முன் மாலையைக் கழற்றிவிடுவது நல்லது. சக்கரத்தில் சிக்கிவிட்டால் ஆபத்து.

பூசணிக்காய் உடைப்பவர்கள், அந்தத் துண்டுகளை நடுரோட்டில் விட்டுவிடாதீர்கள். நம் திருஷ்டி கழிய, வேறொரு தாயின் பிள்ளை வழுக்கி விழலாமா?

சென்னைவாசிகளுக்கு பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரர் சந்நிதி தெரிந்திருக்கும். வாங்கிய வண்டியை அங்கு கொண்டு போய் நிறுத்தி, எலுமிச்சம்பழம் ஏற்றிப் பூஜை போடுவது வழக்கம். வெளியூர்க்காரர்கள் அவரவர் எல்லைத் தெய்வத்திடம் போகலாம்.

உங்களுக்காக ஒரு விஷயம்...

பின் சக்கரத்தின் ஓரம், புடவை சிக்காமல் தடுக்கும் ‘சாரி கார்டு’ இருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காக அதைக் கழற்றிவிடும் இளைஞர்கள் உண்டு. பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதபடி, சக்கரத்தின் பாதியாவது மறைந்திருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. இல்லாவிட்டால், உடனே மாட்டச் சொல்லுங்கள். முந்தானையை இழுத்துச் செருகி, நீங்களும் ஹெல்மெட் அணிந்தே அமருங்கள்.

மலை இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு வரும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தாழ்ந்த கியரில் நிதானமாக இறங்கினால், இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் சூடேறாது.

தினமும் வண்டி கிளம்பும்போது, முன்பு அதை ஓட்டியவருக்காகவும் ஒரு நொடி வேண்டிக்கொள்ளுங்கள். ‘முருகா... இதை எங்களுக்குக் கொடுத்தவங்களும் நல்லா இருக்கணும்!’ அவர்கள் உழைப்பைச் சுமந்த வண்டி அல்லவா, இன்று உங்கள் வாசலில் நிற்கிறது?

சூரனையே மயிலாக்கி ஏறி வந்தவன், உங்கள் வீட்டுப் பழைய வண்டிக்கும் காவலாக வருவான். வேலும் மயிலும் துணை!